மகன் அனுப்பிய கேப்ஸ்யூலும் மாலை நடையும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 47. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறேன். காலையில் சுளகை மடியில் வைத்தால் சோறு பொங்கவும் சாப்பிடவும் எழுந்திருப்பதுதான். மற்றபடி ராத்திரி வரை உட்கார்ந்த இடம்தான். நடை என்றால் பீடிக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் போய் வருவது. இரண்டு மூன்று வருஷமாக ஐப்பசி பிறந்தாலே சளியும் தொண்டைக்கட்டும் வந்துவிடுகிறது. ஒரு தடவை வந்தால் பத்து நாள் படுத்துகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், எதிர்ப்பு சக்தி கூடும் என்று ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் டப்பா அனுப்பியிருக்கிறான். அதில் வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 ஐ.யு., பீட்டா கரோட்டின் என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சரோ, மாத்திரையெல்லாம் வேண்டாம், தினமும் நடங்கள் என்கிறார். எதைச் செய்வது? இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரட்டைப் பலன் கிடைக்குமா? இருக்கிற தெம்பையும் நடந்தே தீர்த்துவிட்டால் இன்னும் அதிகமாகச் சளி பிடிக்காதா? என் மாமியார், "ஏளா, உக்காந்து திங்க நேரமில்ல, ஒனக்கு நடை ஒண்ணுதான் கொறச்சலாக்கும்" என்கிறார். ரோட்டில் கையை வீசி நடந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதும் உண்மைதான். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டீச்சர் சொன்னதைக் கேளுங்கள். டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் மகனிடம் நீங்கள் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், மாமியாரிடமும்தான். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் எல்லாமே எந்நேரமும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. பெரும்பகுதி மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் எலும்பு மஜ்ஜையிலும் ரத்தக் குழாய்களின் உட்சுவரை ஒட்டியும் தங்கிக் கிடக்கும். நாம் வேகமாக நடக்க ஆரம்பித்ததும் ரத்த ஓட்டம் கூடுகிறது, அட்ரினலின் சற்று ஏறுகிறது. சில நிமிடங்களிலேயே அவற்றில் பல ரத்தத்துக்கு வந்துவிடும். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. இயற்கைக் கொல்லி அணு என்று பெயர். உடல் அசையும்போது முதலில் கிளம்பி வருவது அதுதான். நடை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இவை ரத்தத்தை விட்டு இறங்கி நுரையீரல், குடல் என்று பல திசுக்களுக்குப் போய்விடுகின்றன. ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் ராத்திரி ஒரு சுற்று ரோந்து போய் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நடந்தால் அந்த ஒரு சுற்றோடு சரி. வாரத்தில் பல நாள், பல மாதம் நடந்தால்தான் கணக்கில் தெரிகிறது.

எப்படித் தெரிகிறது என்றால், உங்களைப் போலவே உட்கார்ந்த வாழ்க்கை வாழும் பெண்களை வைத்தே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் டேவிட் நீமன் என்ற ஆய்வாளரின் குழு 1990-ல் வெளியிட்டது ஒன்று. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, எடை கொஞ்சம் கூடிய 36 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேர் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 45 நிமிடம், 15 வாரம் விறுவிறுப்பாக நடந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். நடந்தவர்களுக்குச் சளித் தொல்லை இருந்த நாட்கள் மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். 2006-ல் சியாட்டில் நகரத்தில் மாதவிடாய் நின்ற, எடை கூடிய 115 பெண்களை ஒரு வருஷம் கவனித்தார்கள். ஒரு குழு மிதமான உடற்பயிற்சி செய்தது. இன்னொரு குழு வாரம் ஒரு தடவை கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. கடைசி மூன்று மாதத்தில், நீட்டி மடக்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அந்தக் கடைசி மூன்று மாதம் என்பதை மனதில் வையுங்கள். பலன் வருஷத்தின் பின்பகுதியில்தான் பளிச்சென்று தெரிந்தது. பத்து நாள் நடந்துவிட்டு, சளி நிற்கவில்லையே என்று எனக்கு இன்னொரு கடிதம் போட்டுவிடாதீர்கள்!

இவையெல்லாம் சின்ன ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீமன் குழுவே 1993-ல் வயதான பெண்களை 12 வாரம் நடக்க வைத்துப் பார்த்தது. நடந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது, நடக்காதவர்களில் 50 சதவீதம். ஆனால் ரத்தத்தை எடுத்து வெள்ளை அணுக்களின் திறனைச் சோதித்தபோது சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆக, பலன் ரத்தச் சோதனையில் தெரியும் அந்த ஒரு வழியில் மட்டும் வருவதாகத் தெரியவில்லை. ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 2020-ல் சொன்னது இன்னும் அடக்கமானது: உடற்பயிற்சியால் சளி வரும் தடவைகள் குறைகின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் வந்த சளியின் கடுமையும் அது படுத்தும் நாட்களும் குறையக்கூடும். உங்கள் குறையே பத்து நாள் படுத்துகிறது என்பதுதானே? பத்து ஆறாகவோ ஐந்தாகவோ குறைந்தால் அதுவே எத்தனை நாள் கூலி!

நடந்தால் இருக்கிற தெம்பும் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். 1987-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரமே சளி, காய்ச்சல் என்று படுத்தார்கள். அதே மாதிரிப் பயிற்சி எடுத்து, அந்த ஓட்டத்தில் மட்டும் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். ஆனால் அது 42 கிலோமீட்டர் ஓட்டம். அதிலும், ஓட்டத்தைவிடக் கூட்டமும் பயணமும் தூக்கக் குறைவும்தான் காரணமாக இருக்கும் என்று இப்போது பல நிபுணர்கள் வாதிடுகிறார்கள். நீங்கள் நடக்கப்போவது அரை மணி நேரம். உங்கள் தெம்பைத் தின்பது அந்த அரை மணி நேரமாக இருக்காது, மீதி நாள் பூராவும் சம்மணம் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருப்பதுதான்.

இனி டப்பாவுக்கு வருவோம்.

நாம் மூச்சு விட்டு, சாப்பிட்டு, வேலை செய்யும்போது உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் துடிப்பான மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை அளவுக்கு மீறினால் செல்லைச் சேதப்படுத்தும். அவற்றை அடக்குபவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட். வைட்டமின் சி, ஈ இரண்டும் அந்த வகை. விளம்பரம் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். விளம்பரம் சொல்லாத பாதி என்னவென்றால், நம் வெள்ளை அணு ஒரு கிருமியை விழுங்கியதும் அதைக் கொல்வதற்கு இதே ஃப்ரீ ராடிக்கலைத்தான் ஆயுதமாகத் தயாரிக்கிறது. அதுபோக, உடற்பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்தான், இன்னும் பலமாகு என்று உடம்புக்குச் செய்தி சொல்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் உடம்பு தன் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. அதாவது நடக்கிறவருக்கு இந்தச் சரக்கு உள்ளேயே தயாராகிறது, காசில்லாமல்.

இந்த இடத்தில்தான் இரட்டைப் பலன் என்ற கணக்கு உதைக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரத்தில் மிக்கேல் ரிஸ்டோ குழு 2009-ல் செய்த ஆய்வில், இளைஞர்கள் 4 வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 ஐ.யு.வும் (ஐ.யு. என்பது வைட்டமினை அளக்கும் ஓர் அலகு) கொடுத்தார்கள். உங்கள் டப்பாவில் இருக்கிற அதே அளவு! வைட்டமின் சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, உடம்பின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளும் கூடின. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு இரண்டுமே நடக்கவில்லை. அவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆனால் 2014-ல் நார்வேயில் ஆண், பெண் இருபாலரையும் வைத்து 11 வாரம் செய்த ஆய்விலும், வைட்டமின் சாப்பிட்டவர்களின் தசை செல்லுக்குள் வர வேண்டிய சில நல்ல மாற்றங்கள் மட்டுப்பட்டிருந்தன. நியாயமாகச் சொன்னால், அந்த நார்வே ஆய்வில் மூச்சுத் திறன் இரு குழுவுக்கும் ஒரே மாதிரிதான் முன்னேறியது. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்த பெண்ணுக்கு நடையோடு இந்த அளவு மாத்திரையும் சேர்ந்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. நடையின் பலனில் கொஞ்சம் கரையலாம் என்று நினைக்கத்தான் காரணம் இருக்கிறது.

சளிக்கென்று மட்டும் பார்த்தாலும் வைட்டமின் சி பெரிய வீரன் இல்லை. 11,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 29 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். தினமும் சாப்பிட்டு வந்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளியின் காலம் பெரியவர்களுக்கு 8 சதவீதம்தான் குறைந்தது. பத்து நாள் சளியில் ஒரு நாள்கூடத் தேறாது. சளி பிடித்த பிறகு சாப்பிட ஆரம்பித்தால் அதுவும் நிச்சயமில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடும் குளிரில் பயிற்சி எடுக்கும் சிப்பாய்கள் போன்ற சிலருக்கு மட்டும் சளி பாதியாகக் குறைந்தது. அந்தக் கூட்டத்தில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. இன்னொன்று, நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போனால் ரத்தத்தில் வைட்டமின் சி பெரிதாக ஏறுவதில்லை. மீதி சிறுநீரில் போய்விடும். ஆயிரத்துக்குக் காசு கொடுத்து முக்கால்வாசியைக் கழிவறைக்கு அனுப்புகிறோம்.

வைட்டமின் ஈ கதை இன்னும் குழப்பம். 1997-ல் அமெரிக்காவில் முதியவர்களுக்குத் தினமும் 200 மில்லிகிராம் கொடுத்தபோது தடுப்பூசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை நன்றாகக் கூடியது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். 2002-ல் நெதர்லாந்தில் அதே 200 மில்லிகிராமை முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சளி, சுவாசத் தொற்று குறையவில்லை, வந்தவர்களுக்கு அதன் கடுமை கூடியிருந்தது. ரத்தச் சோதனையில் நன்றாகத் தெரிவதெல்லாம் ஆளுக்கு நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் 400 ஐ.யு. சாப்பிட்டால் ரத்தம் உறைவதும் கொஞ்சம் தாமதமாகலாம். வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அவர்கள் இந்த டப்பாவைத் தொடவே வேண்டாம்.

உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின்தான் எனக்குப் பிடிக்காத சங்கதி. புகையிலை சம்பந்தப்பட்ட வீட்டில் அந்த மாத்திரை இருக்கக் கூடாது என்பது என் கருத்து. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்துப் பெரிய ஆய்வு செய்தார்கள். நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வை இதே காரணத்தால் 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அவர்கள் புகைத்தவர்கள், நீங்கள் சுற்றுகிறவர். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்கப் புகையிலைத் தூளில் கை வைத்து, அந்தத் தூசியையே மூச்சில் இழுக்கிற உங்களுக்கு இந்த ஆபத்தைச் சோதித்துப் பார்க்க என்ன அவசியம்? வீட்டில் பீடி குடிக்கிறவர் யாராவது இருந்தால், சத்து மாத்திரைதானே என்று அவருக்குக் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். நம் ஊரில் அப்படித்தான் நடக்கும், அதனால் சொல்கிறேன். முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கிற கரோட்டின் இப்படிக் கெடுதல் செய்வதில்லை. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்படியானால் வைட்டமினே வேண்டாமா? வேண்டும். வைட்டமின் சி இல்லாமல் வெள்ளை அணு வேலை செய்யாது. தனக்குள் அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போல் பல மடங்கு. குறைவாக இருப்பவருக்குக் குறையை நிரப்பினால் நிச்சயம் பலன் உண்டு. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றுவதால்தான் எதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன அளவின்படி நம் நாட்டுப் பெண்ணுக்கு நாளுக்கு 65 மில்லிகிராம் போதும். நடுத்தரமான ஒரு கொய்யாப்பழம் அதைவிடக் கூடுதலாகவே தந்துவிடும். ஒரு பெரிய நெல்லிக்காய் தின்றாலும் அன்றைய பாடு தீர்ந்தது. புளியங்குடி எலுமிச்சை உங்கள் சந்தைக்கு வராமலா இருக்கும்? சோற்றிலோ ரசத்திலோ இறக்கின பிறகு பிழியுங்கள், கொதிக்க வைத்தால் சத்து போய்விடும். ஊறுகாயாகப் போட்டு உப்பையும் சேர்த்துத் தின்பதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். வைட்டமின் ஈ-க்கு ஒரு கை நிலக்கடலை. மாதம் அந்த டப்பாவுக்கு ஆகிற காசில் வீட்டில் எல்லாருமே கொய்யா தின்னலாம்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிய வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போது உதிரப்போக்கு தாறுமாறாகி ரத்தம் இன்னும் குறைவதும் வழக்கம். அது வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமே கிடையாது, அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் எதிர்ப்பு சக்தியும் குறையும், நாலு எட்டு வைத்தாலே மூச்சும் வாங்கும். நடந்தால் தெம்பு போய்விடும் என்ற உங்கள் பயத்துக்கு அடியில் இதுதான் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். ரத்தம் குறைவு என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். அதைச் சாப்பிடும்போது கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நன்றாக உடம்பில் சேரும். டீயும் காப்பியும் ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். பீடி சுற்றும்போது பசியை அடக்க டீ மேல் டீ குடிக்கிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். சோறு சாப்பிட்ட கையோடு குடிக்கிற அந்த டம்ளரையாவது நிறுத்துங்கள்.

போகிற போக்கில் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சளி லேசில் விடாது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மருத்துவமனை இருக்கிறது, தொழிலாளர் அட்டையோடு அங்கே போகலாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ, எடை இறங்கினாலோ, ஐப்பசிச் சளிதான் என்று கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் அந்தச் சோதனைக்குக் காசு கிடையாது.

தூளைப் பற்றியும் ஒன்று. பத்து நாள் இருமலில் அதற்கும் பங்கு இருக்கலாம். மூடிய அறையில் சுற்றாமல் காற்றோட்டமான திண்ணையில் உட்காருங்கள். மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கணக்கு முடிய வேண்டும் என்று ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு வரை விளக்கடியில் உட்காருவதும் கூடாது. 2009-ல் அமெரிக்காவில் 153 பேருக்குச் சளி வைரஸைச் சொட்டு மருந்தாக மூக்கில் விட்டே பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடித்தது, 8 மணி நேரம் தூங்கியவர்களைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

சரி, எப்படி நடப்பது? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மிதமான வேகம். அதாவது அரை மணி நேரம், ஐந்து நாள். எடுத்ததும் அந்த அரை மணியைத் தொட வேண்டாம். முதல் இரண்டு வாரம் 10 நிமிடம் போதும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கூட வருகிறவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் எட்டிப் போடுங்கள், பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் தணியுங்கள். நெஞ்சை அடைத்தாலோ, இடது கை, தாடை என்று வலி பரவினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நேரம், நம் ஊர் வெயிலுக்குக் காலை ஆறரைக்குள், இல்லாவிட்டால் மாலை ஆறுக்கு மேல். சேலையைக் கரண்டைக்கு மேல் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பில் அரை மணி நேரம் நடந்தால் குதிகால் வலிக்கும், வலித்தால் மூன்றாம் நாள் நின்றுவிடுவீர்கள். டப்பாவுக்கு ஆகிற காசில் முதல் செலவாகப் பின்வார் வைத்த நல்ல செருப்பு வாங்குங்கள்.

நாலு பேர் சிரிப்பார்கள் என்பது சின்னப் பிரச்சினை இல்லை. பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிராமத்தில் கதை வேறு, எனக்குத் தெரியும். அதனால் காரணத்தோடு நடங்கள். முத்துமாலை அம்மன் கோவிலுக்குப் போகிறேன் என்று தினமும் கிளம்பினால் யார் சிரிக்கப்போகிறார்கள்? போகும்போது வேகமாகப் போய், அம்மனைப் பார்த்துவிட்டு, வரும்போதும் வேகமாக வாருங்கள். அந்த டீச்சரையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் போனால் பேச்சுத் துணை, மூன்று பேர் போனால் ஊர் பழகிவிடும். மார்கழியில் விடிகாலையில் கோலம் போட ஊர்ப் பெண்கள் எல்லாருமே எழுந்துதானே இருக்கிறார்கள், புதிதாக ஆரம்பிக்க அது நல்ல மாதம். மாமியாருக்குச் சர்க்கரையோ மூட்டு வலியோ இருந்தால் தெருமுனை வரையாவது அவரையும் அழைத்துப் போங்கள். கூட நடந்தவர் குறை சொல்வது குறையும்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று பலர் கேட்கிறார்கள். குழாயடியிலிருந்து குடம் சுமப்பது, துணி துவைப்பது எல்லாம் சேரும். அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது சேராது. உங்களுக்கு நடையைப் போலவே முக்கியம், தொடர்ந்து உட்காராமல் இருப்பது. நாலைந்து கட்டு முடிந்ததும் சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வாசல் வரை போய் வாருங்கள். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுங்கள். சுவரில் கை வைத்துப் பத்துத் தடவை தள்ளி வாருங்கள். தொடைத் தசை தேறினால் முட்டி வலியும் குறையும்.

சளி பிடித்த நாளில் நடக்கலாமா என்றும் கேட்கப் போகிறீர்கள். மூக்கடைப்பு, தும்மல் மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி இருந்தால் ஓய்வெடுங்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் பாதி தூரம்.

மகனிடம் கோபப்பட வேண்டாம். பணமும் பிரியமும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறான். அடுத்த மாதம் டப்பாவுக்குப் பதில் செருப்புக்கும் பழத்துக்கும் பணம் அனுப்பச் சொல்லுங்கள். வாங்கியது வீணாகிறதே என்று தோன்றினாலும் உடைத்த டப்பாவைத் தீர்க்க வேண்டியதில்லை. சாப்பிடத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடலாம், சட்டென்று நிறுத்துவதால் கெடுதல் வராது. ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் ஹீமோகுளோபின், சர்க்கரை இரண்டு எண்ணையும், மாதவிடாய் எப்படி இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள்.